கொம்பு முன்னால், கால் பின்னால்: பலவிதப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பை நடத்துவது எப்படி

பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் ஒருவர் ஜூன் மாதம் போன் செய்தார். “அக்கா, படிப்புல பின்தங்குன பிள்ளைங்களுக்கு எந்த ஆப் நல்லாருக்கும்?” நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள், ஆப்பைப் பற்றி அப்புறம் பேசுவோம் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவருக்குப் போனில் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

திருப்பூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். ஆசிரியர்கள் இரண்டே பேர். மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகள் என்னிடம், ஒரே அறையில், 27 பிள்ளைகள். பாதிப் பேருடைய அப்பா அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். மீதிப் பேர் வீட்டில் மாடு, தோட்டம், தறி. நாலைந்து பிள்ளைகள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள்.

பிள்ளைகளின் பெயரை எழுத மாட்டேன். குறையை வைத்துக் கூப்பிடவும் எனக்குப் பிடிக்காது. அவரவருக்கு எது பிடிக்குமோ அதுவே இங்கே பெயர்: சைக்கிள், குருவி, காளை, ரயில், பம்பரம்.

முதலில் நோட்டு

ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். இரண்டு வாரம், ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும் பக்கத்தில் ஏறலாம். ‘மந்தம்’, ‘கவனமில்லை’, ‘சோம்பேறி’ என்ற சொற்களுக்கு இடமில்லை. ‘படிக்க வராது’ என்று எழுதினால் அடுத்த நாள் என்ன செய்வதென்று நமக்கே தெரியாது. ‘கொம்பு என்பதைக் கெகாம்பு என்று படித்தான், பக்கத்தில் கல், மரம் இரண்டையும் சரியாகப் படித்தான்’ என்று எழுதினால் வேலை பாதி முடிந்தது. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெயர்கள் அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைக்கு வைத்தவை, பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவதற்கு அல்ல. என் வகுப்பில் கணக்கில் மலர், தமிழில் அரும்பு என்று ஒருத்தி இருந்தாள். ரயில்தான் அது. அவளிடம் பிறகு வருகிறேன்.

இந்த நோட்டுப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சைக்கிள் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் முழுக்க அவனைச் சோம்பேறி என்றே நினைத்திருந்தேன். பலகையில் இருப்பதை எழுத மாட்டான், பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துக் காப்பியடிப்பான். திட்டினேன், இடம் மாற்றி உட்கார வைத்தேன். அரையாண்டுத் தேர்வில் ஒரே பையன் பெயரில் இரண்டு விடைத்தாள் வந்தது. சைக்கிள், விடைகளோடு சேர்த்துப் பக்கத்துப் பையனின் பெயரையும் பார்த்து எழுதியிருந்தான். ஆசிரியர்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது: காப்பியடிப்பவன் பெயரையுமா காப்பியடிப்பான்? அவன் பார்த்தது விடைகளை அல்ல. பலகையில் இருந்ததை எழுதிக்கொள்ள அவனுக்கு இருந்த ஒரே வழி அந்த நோட்டுதான். தாளில் முதலில் என்ன எழுத வேண்டும் என்பதைக்கூட அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறான். பலகை அவன் கண்ணுக்கு எட்டவே இல்லை.

பலகை எட்டாத பிள்ளைக்கு

கண்ணாடி வரும்வரை காத்திருக்காதீர்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள், அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள், அதெல்லாம் நடக்கட்டும். கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராத பிள்ளைகள் உண்டு. சைக்கிளும் அப்படித்தான்.

அவனுக்குச் செய்தவற்றில் பெரும்பாலானவை காசு கேட்காதவை. எங்கள் வகுப்பில் வெள்ளைப் பலகை ஒன்று தொங்குகிறது, பத்து மணிக்கு மேல் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுப் பளபளக்கும். பழைய கரும்பலகைக்கு மறுபடியும் கறுப்பு அடித்தேன். கறுப்பில் வெள்ளை சாக்பீஸ் மாதிரித் தெளிவு வேறெதிலும் இல்லை. சிவப்பு, பச்சை சாக்பீஸை நிறுத்தினேன். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருக்கலாம், யாரென்று நமக்குத் தெரியாது. முக்கியமான சொல்லுக்கு அடிக்கோடு போதும். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதுவேன். எங்கிருந்து பார்த்தால் அவனுக்கு நன்றாகத் தெரிகிறது என்று அவனிடமே கேட்டேன். முன்வரிசை நடுவில் என்று நினைத்திருந்தேன். அவன் ஜன்னலுக்கு முதுகு காட்டி இடது ஓரம் உட்கார்ந்தான்.

புத்தகத்தைக் குனிந்து முகர்வது போல்தான் படிப்பான், கழுத்து வலிக்கும். ஒரு செங்கல்லின் மேல் பரீட்சை அட்டையைச் சாய்த்து வைத்தோம். பாடப் பக்கத்தை ஏ-4லிருந்து ஏ-3க்கு ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து 141 சதவீதம் ஆகும். பெரும்பாலான நாள் அவனுக்கு அது போதும். போதாத நாளில் போன். பலகையைப் போட்டோ எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுவேன், இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிக்கொள்வான். அரசு கொடுத்த டேப் வந்த பிறகு இன்னும் வசதி. முதல் வாரம் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆளுக்கொரு முறை கையில் கொடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க விட்டேன். அத்தோடு அந்த ஆசை அடங்கிவிட்டது.

காது கேட்கும் கருவியும் கூரை விசிறியும்

குருவி இரண்டு காதிலும் கருவி போட்டிருப்பாள். கருவி போட்டால் நம்மைப் போல் கேட்கும் என்று நினைக்கிறோம். அது என் குரலைப் பெரிதாக்கும்போது விசிறிச் சத்தத்தையும், பெஞ்சு இழுபடும் சத்தத்தையும், பக்கத்து வகுப்பு வாய்ப்பாட்டையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. அதனால் அறையின் இரைச்சலைக் குறைப்பதுதான் முதல் வேலை. தேய்ந்த ரப்பர் செருப்புகளை வெட்டி மேசை நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஒட்டினோம். பின்சுவரில் பழைய சேலைகளை மடித்துத் தொங்கவிட்டோம். எதிரொலி நன்றாகவே குறைந்தது. கடகடக்கும் விசிறிக்கு அடியில் அவளை உட்கார வைப்பதில்லை.

பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். எனக்கே இது இன்றுவரை முழுசாக வரவில்லை. எழுதி முடித்து, திரும்பி, பிறகு பேச வேண்டும். பாதி வார்த்தையை அவள் உதட்டில்தான் படிக்கிறாள். ஆனால் உதட்டில் ‘பாடு’வும் ‘மாடு’ம் ஒன்றுதான், கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். ஒரு சொல் புரியவில்லை என்றால் அதையே மூன்று தடவை கத்திச் சொல்வதில் பயனில்லை. வேறு சொல் போட்டு, வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள்: ‘மாடு புல் தின்னுது.’ “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். “நான் என்ன செய்யச் சொன்னேன்?” என்று கேளுங்கள்.

கருவியைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். ‘கீ’ என்று விசில் அடித்தால் பெரும்பாலும் காதில் வைக்கும் அச்சு தளர்ந்திருக்கும். பிள்ளை வளரும்போது காதும் வளர்கிறது, புது அச்சு எடுக்க வேண்டும். சின்ன வட்டப் பேட்டரியில் ஒட்டியிருக்கும் தாளை உரித்தவுடன் போடாமல் ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் போட வேண்டும். மேசை இழுப்பறையில் இரண்டு பேட்டரி எப்போதும் இருக்கட்டும். மாதக் கடைசியில் வீட்டில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் லைவ் டிரான்ஸ்கிரைப் தமிழிலும் வேலை செய்கிறது. பயிற்சி ஒன்றில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள், கைதட்டினோம். 27 பிள்ளைகள் இருக்கும் அறையில் அது யார் பேச்சையோ பிடித்து எதையோ எழுதுகிறது. தவிர, ஓடும் எழுத்தைப் படிக்கும் வேகம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏது? மேல்வகுப்புக்குப் பயன்படலாம். எனக்குச் செருப்பு ரப்பர்தான் உதவியது.

காளையும் கொம்பும்

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு அதிக நாள் பிடித்த வேலை. காளை அப்போது நான்காம் வகுப்பு. அவன் தாத்தா காங்கேயம் மாடு வளர்ப்பவர். காரி, மயிலை, செவலை என்று தூரத்திலிருந்தே நிறம் சொல்வான், பல்லைப் பார்த்து வயது சொல்வான். வாயால் கேட்டால் அறிவியல் பாடம் முழுக்கத் தலைகீழாகச் சொல்வான். படிக்கச் சொன்னால் வியர்த்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள், கேட்டபடி எழுதுகிறது. ண, ன குழப்பமும் அப்படித்தான், பெரியவர்களுக்கே உண்டு. அதற்கு நம் பழைய வாத்தியார்கள் ஒரு நல்ல வழி வைத்திருந்தார்கள். எழுத்தை அதன் கூட்டாளியோடு சேர்த்துக் கூப்பிடுவது: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். கண்டேன், பந்து, கன்று. ட-வுக்கு முன்னால் ண், த-வுக்கு முன்னால் ந், ற-வுக்கு முன்னால் ன். இவர்கள் மாறிப் போய் உட்கார மாட்டார்கள். ல, ள, ழ மூன்றுக்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்து நாக்கு எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ல-வுக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும், ள-வுக்கு மடிந்து அண்ணத்தைத் தொடும், ழ-வுக்கு மடியும், தொடாது.

நான் கவலைப்படும் அறிகுறிகள் வேறு. எட்டு வயதாகியும் ‘மரம்’ என்று சொன்னால் ம-ர-ம் என்று கைதட்டிப் பிரிக்க வராதது. மேல்வரியில் கஷ்டப்பட்டுப் படித்த அதே சொல், கீழ்வரியில் புதுச் சொல்லாகத் தெரிவது. மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் ட, ப, ம, ய ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருப்பது. பேச்சுக்கும் படிப்புக்கும் இடையில் பெரிய பள்ளம். இவை சேர்ந்து இருந்தால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லி மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் குறிப்பிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் அது கிடையாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு என்றெல்லாம் சலுகை கேட்க அந்தக் குறைபாட்டுக்கான சான்றிதழ் வேண்டும். கடைசி வருடத்தில் ஓடினால் கிடைப்பது கஷ்டம், தொடக்கப் பள்ளியிலேயே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும்.

காளையின் பக்கத்தைப் புரட்டினால் ஒரே இடம் திரும்பத் திரும்ப வந்தது. கெ, கே, கை, கொ, கோ. தமிழில் பெரும்பாலான எழுத்துகள் கேட்கும் வரிசையிலேயே எழுதப்படுகின்றன. இந்தக் குடும்பம் மட்டும் அப்படி இல்லை. ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் க் ஒலி, பிறகு எ. எழுதும்போதோ அடையாளம் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. ‘கொ’வில் இன்னும் மோசம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கும் பிள்ளை ‘கெ’ படித்துவிட்டு, மிச்சமிருக்கும் ‘ா’ என்ற காலை என்ன செய்வது என்று தெரியாமல் திணறும். காளை ‘கெகா’ என்றான். அவன் கணக்குப்படி அது நியாயம்தான்.

நான் முதலில் செய்தது நாம் எல்லோரும் செய்வது: கொ, கோ, கௌ ஐம்பது தடவை எழுது. எழுதினான். மறுநாள் அதே கெகா.

ஒருநாள் பலகையில் எழுதும்போது பழக்கத்தில் வாய் சொன்னது: “ஒற்றைக்கொம்பு போட்டு, க போட்டு, துணைக்கால் போடு.” பின்னாலிருந்து அவன் கேட்டான், “கொம்பா, டீச்சர்?” ஆமாம், அதுக்குப் பேரே ஒற்றைக்கொம்புதான் என்றேன். ‘ே’ இரட்டைக்கொம்பு என்றேன். எழுந்து வந்து பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். “அப்ப கொம்பு முன்னால, கால் பின்னால. மாடு மாதிரி.” கையை நெற்றியில் வைத்தான், அப்புறம் முழங்காலைத் தொட்டான். நடுவில் இருக்கும் உடம்புதான் க. மாட்டைப் பாதி பாதியாகப் பார்க்க மாட்டோம், முழு மாட்டையும் பார்த்த பிறகுதான் பெயர் சொல்வோம் என்று அவனே ஒரு விதி போட்டான். 19 வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கும் சொல், எனக்குக் காதில் விழவே இல்லை.

அதற்குப் பிறகு செய்தது இதுதான். பழைய காலண்டர் அட்டையில் ஒரு எழுத்து முழுசாகத் தெரியும் அளவுக்கு ஜன்னல் வெட்டினோம். ‘கொ’ வந்தால் ஜன்னல் மூன்று பகுதியையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அட்டையை நகர்த்தி நகர்த்திப் படிப்பான். படிக்க வேண்டிய சொற்களை அவனே கொடுத்தான்: கொம்பு, தொழுவம், மேய்ச்சல், மொச்சை, சோளம், கோமியம். பாடப் புத்தகத்துச் சொற்களை அப்புறம் சேர்த்தேன். ஒரு நாளைக்கு ஐந்து சொல், அதில் மூன்று நேற்றையது. மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டே ஒலிப்பது, பிறகு சிலேட்டு, பிறகு நோட்டு. ஐந்து நிமிடம், தினமும். வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதை விட இது நூறு மடங்கு மேல்.

அவனை எல்லோர் முன்னும் சத்தமாகப் படிக்கச் சொல்வதை நிறுத்தினேன். படிக்கிற முறை வந்தால், நாளைக்கு இந்தப் பத்தி உனக்கு என்று முந்தின நாளே சொல்லி அனுப்புவேன். ஜன்னல் அட்டை அவனுக்கு மட்டும் என்றால் கேலிப்பொருள் ஆகிவிடும், எனவே 27 அட்டை வெட்டினோம். இருபது பேர் ஒரே வாரத்தில் தொலைத்துவிட்டார்கள். தேவைப்பட்டவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். யாருக்கு உண்மையில் தேவை என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான சோதனை எனக்குத் தெரியாது.

இனிப் போனுக்கு வருவோம். எல்லோரும் எதிர்பார்ப்பது இதைத்தான், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் அக்சஸிபிலிட்டி என்ற பகுதி இருக்கும். அதில் ‘செலக்ட் டு ஸ்பீக்’கை இயக்கினால் திரையில் நாம் தொடும் எழுத்தைப் படித்துக் காட்டும். குரல் மொழியைத் தமிழாக்கி, தமிழ்க் குரலை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெட் இல்லாமலும் ஓடும். வேகத்தைக் குறைத்துவிடுங்கள். முதல் நாள் நான் அசடு வழிந்த கதை: டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய பயிற்சித்தாளைத் திறந்து ‘அம்மா’ என்ற சொல்லைத் தொட்டேன். போன் ‘எம், கே, கே, எச்’ என்கிற மாதிரி ஏதோ உளறியது. தாள் பாமினி எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடில் அடித்த தமிழைத்தான் போன் தமிழாகப் படிக்கும். இனிமேல் பயிற்சித்தாள் அடிக்கக் கொடுக்கும்போது யூனிகோடு என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். பழையது கையில் இருந்தால் மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

இதையெல்லாம் விட நன்றாக வேலை செய்தது என் குரல். பாடத்தை நிதானமாக வாசித்து, மூன்று நிமிடத்துக்கு மேல் போகாமல் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவன் அம்மா ஷிப்ட் முடிந்து வந்து, சோறு வடிக்கும்போது போட்டுவிடுவார். இவன் புத்தகத்தை விரித்து விரலை ஓட்டிக்கொண்டே கேட்பான். விரல் ஓடாவிட்டால் அது வெறும் பாட்டு கேட்பதுதான், அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். “ஏனுங் டீச்சர், கதை நீங்க சொல்ற மாதிரியே இருக்குதுங்” என்றார் அந்த அம்மா. நான்தானே சொன்னேன்!

குரலால் தட்டச்சு செய்வதும் அவனுக்குப் பிடித்தது. தான் சொன்னது எழுத்தாக வருவதைப் பார்த்து, மூன்று வரியில் மாட்டுச் சந்தை பற்றி ‘எழுதினான்’. ஆனால் பிள்ளைகளின் குரலை, அதிலும் எங்கள் கொங்குப் பேச்சை, போன் பல நேரம் தப்பாகத்தான் எழுதுகிறது. அந்தத் தப்புகளைக் கண்டுபிடித்துத் திருத்துவதையே பயிற்சியாக்கினேன். போனையே திருத்துகிறோம் என்பதில் அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

ரயில்

ரயிலின் அப்பா டையிங் பட்டறையில் வேலை. ஒடிசாவிலிருந்து வந்த நாளிலிருந்து ரயில் படம் வரைந்துகொண்டே இருந்தாள், மூன்று வாரம் பேசவில்லை. பேசாத பிள்ளையைப் பேசு பேசு என்று நெருக்காதீர்கள், கேட்டுக்கொண்டு இருக்கிறது. அந்த நாட்களில் சுட்டிக் காட்டி, எடுத்துக் கொடுத்து, வரைந்து காட்டிப் பதில் சொல்ல விடுங்கள். கணக்கில் எங்கள் பிள்ளைகளைத் தூக்கிச் சாப்பிட்டாள். வாக்கியக் கணக்கு வந்தால் மட்டும் பூஜ்யம். அது கணக்குக் குறை இல்லை. கணக்கை நடித்துக் காட்டினால் அடுத்த விநாடி விடை வரும்.

அவளிடமிருந்து நான் கற்றது ஒன்று. ஒடியாவிலும் ள, ண இரண்டும் உண்டு. பழத்தை அங்கே ‘ஃபள’ என்கிறார்கள், தண்ணீரை ‘பாணி’ என்கிறார்கள். அந்த ஒலிகளை எங்கள் பிள்ளைகளை விடத் தெளிவாகச் சொன்னாள். எனவே ள, ண பயிற்சிக்கு அவளைத் தலைவியாக்கினேன். ஒன்றும் தெரியாத பிள்ளையாக ஓரத்தில் இருந்தவளிடம் மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வந்ததும், அந்த வாரமே தமிழில் சண்டை போட ஆரம்பித்தாள்.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதை தமிழிலும் ஒடியாவிலும் கிடைக்கிறது, இலவசம், அச்சடித்துக்கொள்ளலாம். நான்கு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்பா ஒடியாவில் வாசித்துக் குரல் பதிவு அனுப்புவார், நான் தமிழில் வாசிப்பேன். அவரோடு பேச எனக்கு ஒடியா தெரியாது. அவருக்கு ஹிந்தி தெரியும், எனக்குத் தெரியாது. போனின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கும் ஹிந்திக்கும் பேசிக்கொள்வோம். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னால் தப்பில்லாமல் வரும். நம் பழமொழிகளை அதில் விடாதீர்கள், நான் ஒரு தடவை விட்டு அவர் பயந்துவிட்டார்.

பாடநூலில் க்யூஆர் கோடு வைத்து அரசின் திக்ஷா தளத்தில் காணொளி கொடுத்திருக்கிறார்களே, அதை முதல் தடவை சத்தமில்லாமல் ஓட்டுங்கள். என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் சொல்லட்டும். சத்தம் இல்லாத அந்த நான்கு நிமிடம் குருவிக்கும் ரயிலுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே நிலைமை. சத்தத்தோடு இரண்டாம் தடவை. காணொளியை வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுவேன், மாடிப்படியில் நின்று சிக்னல் தேடும் பொழப்பு வேண்டாம்.

பம்பரம், சுருக்கமாக

ஓர் இடத்தில் உட்கார மாட்டான். அவனுக்கு இரண்டு இடம் கொடுத்திருக்கிறேன், ஒன்று உட்கார, ஒன்று சுவரோரம் நின்றபடி எழுத. எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், மூன்றாவது இடம் கிடையாது. பத்துக் கணக்கை ஒரே தாளில் கொடுக்காமல் மூன்று, மூன்று, நான்கு என்று துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் என் மேசைக்கு வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவனுக்கு நடையும் ஆச்சு, கணக்கும் ஆச்சு. மணல் கடிகாரமோ போனில் டைமரோ வைக்கலாம், ஆனால் ஓடும் எண்களைப் பார்த்தால் காளைக்குப் பதற்றம் வரும், அதனால் திருப்பி வைத்துவிடுவேன்.

அப்புறம், கேள்வி கேட்டுவிட்டுப் பொறுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருந்தார்களாம். மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் திறந்தார்கள். நான் மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணுவேன். மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரியும்.

தேர்வும் அடுத்த வகுப்பும்

அறிவியலில் நான் சோதிப்பது அறிவியலை. எனவே காளை வாயால் சொல்வான், நான் எழுதிக்கொள்வேன். சைக்கிளுக்குப் பெரிய எழுத்துத் தாள். ரயில் படம் வரைந்து பாகம் குறிப்பாள். தமிழ்ச் சொல்வதெழுதலில் மட்டும் எழுத்தைப் பார்ப்பேன், அதிலும் அவரவர் சொற்பட்டியல். இது மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா என்று ஒரு பெற்றோர் கேட்டார். உங்கள் மகளுக்கும் வாயால் சொல்லப் பிடித்தால் சொல்லட்டும் என்றேன். அவள் எழுதத்தான் பிடிக்கும் என்றுவிட்டாள்.

மே மாதம் நோட்டிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் எழுதி அடுத்த ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். மதிப்பெண் வேண்டாம், அது அவர்களிடமே இருக்கும். எது வேலை செய்தது, எது செய்யவில்லை, இரண்டு மட்டும். காளை இந்த வருடம் ஆறாம் வகுப்பு, வேறு பள்ளி. அவன் பக்கத்தில் எழுதியது இவ்வளவுதான்:

‘வாயால் கேளுங்கள், எல்லாம் தெரியும். படிக்க வேண்டியதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். பையில் காலண்டர் அட்டை ஒன்று வைத்திருப்பான், பிடுங்க வேண்டாம். படிக்கும்போது நடுவில் நின்று நெற்றியைத் தொட்டு முழங்காலைத் தொடுவான். விளையாட்டு இல்லை, கொ வந்திருக்கிறது.’